மண்வெட்டிக்கு முன்னால் நோட்டுப்புத்தகம்

(அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில், ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேனாம்பேட்டில் நின்று வேளாண்மைப் பாடத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் பொருந்தாததுபோலத்தான் தோன்றும். கருக்கு, புதூர், கள்ளிக்குப்பம், ஒரகடம் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் அடுக்குமாடி, லேத் பட்டறை, டிபன் கடை, தண்ணீர் லாரி. வயல் இல்லை. ஆனால் வயல் இருந்ததற்குச் சாட்சி இன்னும் தரையில் கிடக்கிறது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் ரெட்டேரிக்கு. வேடிக்கை பார்ப்பதற்காக யாரும் இப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏரி வெட்டுவதில்லை. கீழே ஆயக்கட்டு இருந்தது, ஆயக்கட்டில் நெல் இருந்தது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, அப்புறம் டன்லப், 1964இல் தொழிற்பேட்டை. 2011இல் அம்பத்தூரே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஏரிகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, வேறு தண்ணீரோடு.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வேளாண்மை சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கையில் என்னென்ன இருந்தால் நல்லது என்பதுதான் இன்றைய பேச்சு. பாடநூல், தோட்டம், விதை, அட்டை, செயலி எல்லாவற்றையும் பார்ப்போம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடப் போகிறேன். இந்தப் பொருளைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், வகுப்பு முடியும்போது அந்தப் பிள்ளையின் நோட்டில் ஒரு எண்ணும் ஒரு சந்தேகமும் ஏறியிருக்குமா? ஏறியிருந்தால் பாடம் நடந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் நாம் பிள்ளையிடம் வேலை வாங்கியிருக்கிறோம்.

இந்த வேறுபாட்டை மற்ற மாநிலத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் வேண்டியதில்லை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், இரண்டு ஷிப்டாக. மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய திட்டம் அது. திராவிடர் கழகமும் திமுகவும் தெருவில் இறங்கின, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். அதே மனிதர்தான் பத்து ஆண்டு கழித்து மத்திய உணவு, வேளாண் அமைச்சராகி, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கி, பசுமைப் புரட்சிக்கு அரசியல் முகமானவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்திருப்பது எனக்கு எப்போதும் யோசனையைத் தூண்டும் விஷயம். பிள்ளையை வயலுக்கு அனுப்பாதே, வயலுக்கு அறிவியலை அனுப்பு என்று அவர் ஒரு கொள்கையாக வகுத்துச் செய்தாரா, காலம் அவரை அப்படி நடத்தியதா, தெரியாது. ஆனால் இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது.

ஆகவே, உழவர் வீட்டுப் பிள்ளை உழவராகவே இருக்கட்டும் என்பதற்காக இந்தப் பாடம் தேவை என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். லேத் பட்டறைக்காரரின் மகளுக்கும் ஐடி கம்பெனிக்காரரின் மகனுக்கும் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும். அந்த வகையில், வயலே இல்லாத மேனாம்பேடு இந்தப் பாடத்துக்கு நல்ல சோதனைக்களம்.

பள்ளியில் வேளாண்மை என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. சென்னைக்கு அது வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1860களில், இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் எந்திரம் எல்லாம் தருவிக்கப்பட்டு, சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் வேரை 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய பள்ளியில்தான் காட்டுகிறது. 1906இல் அது கோவைக்குப் போனது, 1971இல் பல்கலைக்கழகமானது. சைதாப்பேட்டையில் இருந்ததெல்லாம் அந்தக் காலத்துக்கு மிக விலையுயர்ந்த கற்பித்தல் கருவிகள். ஆனால் நீராவிக் கலப்பையை எந்தக் குடியானவர் வாங்குவார்? ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் இந்தியா முழுக்கச் சுற்றி, 1893இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். நல்ல இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவரல்ல, சில விஷயங்களில் மேலானவர் என்று அதில் எழுதினார். கற்றுக்கொடுக்க வந்தவர்களே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஓர் அரசாங்க அறிக்கை ஒப்புக்கொண்டது அபூர்வம்.

விடுதலைக்குப் பிறகு ஆணையங்கள் வந்தன. நம் சென்னையைச் சேர்ந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1952-53இல் உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மையையும் ஒரு பிரிவாக வைக்கச் சொன்னது. கிராமப் பள்ளிகளில் தோட்டக்கலை, கால்நடை, குடிசைத் தொழிலோடு சேர்த்து. 1964-66 கோத்தாரி ஆணையம் நேர் எதிராகப் பேசியது: தொடக்க, கீழ் இடைநிலை அளவில் பயிர்த்தொழில் பயிற்சி கொடுக்கும் முயற்சிகள் தோற்றுவிட்டன, அவற்றை நிறுத்தி வையுங்கள் என்றது. நான் கோத்தாரி பக்கம்தான் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தொழிலாகச் சொல்லிக்கொடுத்தது தோற்றது. அறிவியலாகவும் கணக்காகவும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோமா?

பாடநூலைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது; அதில் வேளாண்மையும் இருந்தது. 2018இல் பாடத்திட்டம் மாறியபோது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு ‘வேளாண் அறிவியல்’ என்று கருத்தியலும் செய்முறையுமாகப் புதிய நூல்கள் எழுதப்பட்டன. நல்ல வண்ணப் படங்கள், கியூஆர் குறியீடு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் இவ்வளவு ஒழுங்காக மண், பாசனம், விதை, பூச்சி, தோட்டக்கலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் நூல் வேறு அதிகம் இல்லை. உங்கள் பிள்ளை அந்தப் பிரிவில் சேராவிட்டாலும் நீங்கள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது, பத்தில் தனிப் பாடமாக வேளாண்மை கிடையாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பொருளாதார உயிரியல்’ என்ற பாடம் வருகிறது: தோட்டக்கலை, மண்புழு உரம், காளான், மீன் வளர்ப்பு. இந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அதுதான் நுழைவாயில். அதை வாசித்து ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவர்கள் போகலாம். இரண்டு மாதம் அங்கேயே நிற்கிறவர்களுக்காகத்தான் நான் பேசுகிறேன்.

மத்திய அரசுப் பக்கத்தில் போபாலில் இருக்கும் சுந்தர்லால் சர்மா தொழிற்கல்வி நிறுவனம் பாடநூல்கள் தயாரிக்கிறது. உள்ளடக்கம் பரவாயில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘கத்தரி வகைப் பயிர் சாகுபடியாளர்’ என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்துத்தான் புத்தகமே தொடங்குகிறது. பதினான்கு வயதில் இந்தப் பதவி எதற்கு? கத்தரியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும், போதும். இலங்கையில் சாதாரண தரத்துக்கு வைத்திருக்கும் பாடத்தின் பெயர் ‘விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்’. எனக்கு அது பிடித்திருக்கிறது. விளைந்ததை எப்படிக் கெடாமல் வைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டால், வயலைப் பார்க்காத பிள்ளைக்கும் சமையலறை வழியாக ஒரு கதவு திறக்கிறது.

இனி, வகுப்புக்குள் கொண்டுவர வேண்டிய பொருள்கள். பெரும்பாலும் காசில்லாதவை.

முதலாவது, நெல் விதை. ஒரு கிலோ வாங்கினால் இரண்டு வகுப்புக்குப் போதும். ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், ஒன்றரை கிலோ கல்லுப்பு, ஒரு கோழிமுட்டை. உப்பு கரைவதற்கு முன் முட்டை அடியில் கிடக்கும். கரையக் கரைய மேலே வரும். முட்டையின் முதுகு பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரி என்பது நம் வேளாண் துறைக்காரர்கள் காலம்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் இலேசான மணியும் மிதக்கும். திரட்சியான மணி மூழ்கும். மிதந்ததை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பே முளையைக் கெடுத்துவிடும்.

இங்கே நிறுத்தினால் அது வித்தை காட்டுவது. நிறுத்தக் கூடாது. மூழ்கியதில் நூறு மணி, மிதந்ததில் நூறு மணி எண்ணி, தனித்தனியாக ஈரச் சாக்கில் பரப்ப வேண்டும். ஐந்தாம் நாள் ஒரு எண்ணிக்கை, பதினான்காம் நாள் கடைசி எண்ணிக்கை. விதைப் பரிசோதனைக் கூடத்திலும் நெல்லுக்கு இதே நாள்கள்தான். இரண்டு எண்ணும் நோட்டில் ஏறிவிட்டன. அப்புறம்தான் கேள்விகள் வரும். மிதந்ததிலும் சில முளைத்திருக்கிறதே, ஏன்? பக்கத்துக் குழுவுக்கு 91, நமக்கு 84, யார் தவறு? யார் தவறுமில்லை, நூறு மணி என்பது சின்ன மாதிரி. அதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் நானூறு மணி எண்ணுகிறார்கள். புள்ளியியல் ஆசிரியர் ஒரு மாதம் போராடிச் சொல்லிக்கொடுக்கும் விஷயத்தை ஈரச் சாக்கு இரண்டே வாரத்தில் சொல்லிவிடுகிறது.

அந்த விதைப் பையில் ஒரு சீட்டு இருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். நீல நிறம் என்றால் சான்று விதை; வெள்ளை என்றால் ஆதார விதை; பொன்மஞ்சள் என்றால் வல்லுநர் விதை. சான்று பெற்ற நெல்லுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு, ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்குள். பரிசோதித்த நாள் அச்சிட்டிருக்கும். அதிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். இப்போது பிள்ளைகள் தாங்கள் எண்ணிய எண்ணைச் சீட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்ததையும் சரிபார்க்கலாம் என்று பதினைந்து வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமா?

நெல் என்றதும் நம் ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் ஏறி மேற்கே போனால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டிச் செவ்வாப்பேட்டை ரோடு. அந்தப் பக்கத்தில் திரூரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். ஊரின் முழுப் பெயர் திரூர்க்குப்பம். அங்கே வெளியான நெல் ரகங்களுக்கு டி.கே.எம். என்று முன்னொட்டு வந்தது அதனால். அதில் டி.கே.எம். 6 என்ற ரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் கொண்டது. பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராக எடுத்து ஒட்டுச் சேர்த்ததில் பிறந்ததுதான் ஐ.ஆர். 20. உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஐ.ஆர். இருபது சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நம் மின்சார ரயில் பாதையில் பிறந்த ஒரு நெல் பிலிப்பைன்சுக்குப் போய், வேறு பெயரில் திரும்பி வந்து நம் தட்டில் விழுந்திருக்கிறது. ஒரு நாள் கல்விச் சுற்றுலாவுக்கு மகாபலிபுரத்துக்கு பஸ் பிடிப்பதற்குப் பதிலாகத் திரூருக்கு ரயில் பிடியுங்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது பொருள், காலி உரச் சாக்கு. கடைக்காரரிடம் கேட்டால் சும்மா கொடுப்பார். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 விழுக்காடு. அப்படியானால் மூட்டைக்குள் தழைச்சத்து எவ்வளவு? 20.7 கிலோ. மீதி 24 கிலோ என்ன? கலப்படமா? இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையாவது கேட்கும். அங்கே வேதியியல் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். டி.ஏ.பி. மூட்டையில் 18, 46 என்று இரண்டு எண் இருக்கும். ஐம்பது கிலோவில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டவர், அதில் வந்த 9 கிலோவைக் கழிக்காமல் யூரியாவைக் கணக்குப் போட்டால் பயிருக்குத் தழைச்சத்து மிஞ்சிப் போகும். பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். பூச்சிக்கும் அப்படித்தான் தோன்றும்.

எவ்வளவு பச்சை போதும் என்று பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு: இலை வண்ண அட்டை. பிளாஸ்டிக் பட்டையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயில் நேரடியாகப் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, மேலே முழுதும் விரிந்த இலையை வைத்து ஒப்பிட வேண்டும். பத்து இலை பார்த்துச் சராசரி. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால்தான் மேலுரம். வண்ணத்தை எண்ணாக்கும் இந்தச் சின்ன அட்டையைவிட மலிவான, கூர்மையான அறிவியல் கருவியை நான் பள்ளிகளில் பார்த்ததில்லை. நெல் இல்லாத இடத்தில் என்ன செய்வது? பிள்ளைகளே தொட்டியில் வளரும் வெண்டைக்கு ஓர் அட்டை வண்ணம் தீட்டித் தயாரிக்கட்டும். சரியாக வராது. ஏன் வரவில்லை என்று எழுதட்டும்.

மண் பரிசோதனையைப் பற்றி நீட்ட மாட்டேன்; 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஒவ்வொரு அட்டையிலும் 12 அளவுகள் இருக்கும். சொந்த ஊரில் நிலம் உள்ள உறவினர் யாரிடமாவது ஒரு பழைய அட்டையை வாங்கி வந்து வகுப்பில் வாசிக்கவைத்தால் போதும். தண்ணீருக்கு இந்தப் பகுதியிலேயே நல்ல வசதி இருக்கிறது. கேன் தண்ணீர்க்காரர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர், பேனா அளவு. மெட்ரோ தண்ணீர், ஆழ்குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், ஏரித் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலில் கொண்டுவந்து அளக்கலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். ஏரித் தண்ணீரை ஆசிரியரே கையுறை போட்டு எடுத்து வர வேண்டும், பிள்ளைகளை இறக்காதீர்கள். மீட்டர் உப்பைத்தான் சொல்லும், சாக்கடையைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைந்த எண் வந்தால் நல்ல தண்ணீர் என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு போனால், அளக்காமலே இருந்திருக்கலாம்.

மழையையும் விடக் கூடாது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் அது 1,40,000 லிட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 475 மில்லிமீட்டர் பெய்தது. அதே கூரையில் 47,500 லிட்டர். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்தால், ஏரிகள் எதற்கு ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன என்று நாம் விளக்க வேண்டியிருக்காது.

பூச்சிகளுக்கு வருவோம். இதில்தான் உலகத்திடமிருந்து கடன் வாங்க நல்ல முறை ஒன்று இருக்கிறது. இந்தோனேசியாவில் பூச்சிமருந்தை அள்ளித் தெளித்ததில் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, புகையான் பெருகி, நெல் அழிந்தது. 1986இல் அரசாங்கம் நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. அங்கே கரும்பலகை இல்லை. ஐந்தாறு பேர் ஒரு குழு. வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி, சில செடிகளைத் தேர்ந்து, உயரம், தூர், இலை, பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். பிறகு மரத்தடியில் பெரிய தாளை விரித்து நடுவில் பயிரை வரைந்து, ஒரு பக்கம் கெடுதல் செய்யும் பூச்சிகள், மறு பக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள், மேலே வானிலை, கீழே மண்ணின் ஈரம் என்று படம் போடுவார்கள். கடைசியில் வாக்குவாதம்: தெளிக்கலாமா, வேண்டாமா? பயிற்சியாளர் விடை சொல்லக் கூடாது என்பது விதி. நம் ஆசிரியர்களுக்கு இந்த விதிதான் மிகக் கஷ்டம்.

பள்ளி மாடியில் பத்து வெண்டைத் தொட்டி இருந்தால் இதைச் செய்யலாம். ஒரு பக்கம் அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி. மறு பக்கம் பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி. பொறிவண்டு சிவப்பாக அழகாக இருப்பதால் பிள்ளைகள் தொட மாட்டார்கள். அதன் புழு கறுத்து முரடாக இருக்கும், அதை முதலில் நசுக்கிவிடுவார்கள். அந்தப் புழுவும் அசுவினியை வெகுவாகத் தின்னும். வரைய வைத்தால் நசுக்குவதற்கு முன் உற்றுப் பார்ப்பார்கள். பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சு குறைந்துகொண்டே வரும் வரிசையில், படத்தை வைத்தே சொல்லிக்கொடுங்கள். உண்மையான டப்பா, காலியானதுகூட, வகுப்பறைக்குள் வர வேண்டாம்.

செயலிகள், காணொளிகள் பற்றி ஒரே வார்த்தை. 2018இல் வந்த ‘உழவன்’ செயலி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல் தளம், யூடியூபில் ஆயிரம் பேர் எல்லாம் இருக்கட்டும். செடியைப் பார்த்த பிறகு பார்த்தால் பயன். செடிக்குப் பதிலாகப் பார்த்தால் அது சினிமா.

நிலமே இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒருவர் நூறு ஆண்டுக்கு முன்பே வழி கண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற ஊரின் வேளாண் பள்ளியை 1908இல் நடத்த வந்த ரூஃபஸ் ஸ்டிம்சன், பள்ளிப் பண்ணையில் பிள்ளைகள் கூலியாள் மாதிரி வேலை செய்வதில் படிப்பு இல்லை என்று கண்டுகொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஒரு பயிரையோ கோழியையோ சொந்தப் பொறுப்பில் வளர்க்க வேண்டும். வரவு செலவு எழுத வேண்டும். ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1917இல் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளி வேளாண் கல்விக்குப் பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டபோது, ஆண்டுக்கு ஆறு மாதமாவது இப்படிக் கண்காணிப்போடு செய்முறை இருந்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பள்ளிப் பண்ணையாக இருந்தாலும் சரி, வேறு பண்ணையாக இருந்தாலும் சரி.

ஸ்டிம்சனின் வீட்டுப் பயிரும் ராஜாஜியின் அரைநாளும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். இரண்டிலும் பிள்ளை வீட்டில் வேலை செய்கிறது. ஆனால் ஒன்றில் பிள்ளையின் கையில் கணக்கு நோட்டு இருக்கிறது, பயிர் அதன் பெயரில் இருக்கிறது, ஆசிரியர் வீடு தேடி வருகிறார். மற்றதில் ஆசிரியர் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மேனாம்பேட்டில் வீட்டுப் பயிர் என்றால் ஒரு வளர்ப்புப் பை, தென்னைநார்க் கழிவு, கொஞ்சம் மண்புழு உரம், ஜன்னலோரத்தில் நாலு மணி நேர வெயில். வாடகை வீட்டில் மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கொடுக்க வேண்டும். பை விலை, விதை விலை, தண்ணீர் ஊற்றிய நேரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். அரைக்கீரை ஒரு கட்டு அறுத்த அன்று, கோயம்பேட்டில் மொத்த விலை என்ன, நம் தெருக் கடையில் என்ன விலை என்று இரண்டையும் எழுத வேண்டும். கணக்குப் போட்டால் நஷ்டம்தான் வரும். வரட்டும். பத்து ரூபாய்க் கீரைக்கு இவ்வளவு உழைப்பா என்று ஒரு பிள்ளை வாயைப் பிளந்தால், பேரம் பேசும் பெற்றோருக்கும் சேர்த்துப் பாடம் நடந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடப்பதும், நாளடைவில் பிரிவே மூடப்படுவதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. எந்தக் கருவியும் அந்த நாற்காலியை நிரப்பாது. 2021இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை கொண்டுவந்த மாநிலம் இது. அதே ஆண்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டமும் போட்டது. கல்லூரி வாசலைத் திறந்துவிட்டுப் பள்ளி வகுப்பறையில் ஆள் வைக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை. பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகவே எழுதிக் கேட்க வேண்டும்.

கடைசியாக நாள்காட்டி. பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது பூச்சியால் அல்ல, விடுமுறையால். திருவள்ளூர் பக்கத்து உழவருக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். நமக்குக் காலாண்டு, அரையாண்டு, பொதுத்தேர்வு என்று மூன்று பட்டம். இரண்டையும் பொருத்த வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் மண் கலப்பது, விதை முளைப்புச் சோதனை. ஆடி பிறந்ததும் வெண்டை, கொத்தவரை, கீரை விதைப்பு. கீரை ஒரு மாதத்தில் அறுவடை; வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்குள் கணக்கு எழுதும் அளவுக்குப் பறித்துவிடலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. சென்னையில் அப்போது விதைத்தால் அழுகத்தான் செய்யும், ஆகவே அந்த இரண்டு மாதமும் மழைமானி, டிடிஎஸ் மீட்டர், உரச் சாக்குக் கணக்கு. மழை விட்டதும் மார்கழியில் தக்காளி, கத்தரி நாற்று. ஒன்பதாம் வகுப்பார் மட்டும், பத்தாம் வகுப்பாரை விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஏப்ரலில் பைகளைக் காலி செய்து மண்ணைக் காயவைத்து மூடிவிட வேண்டும். மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற சண்டையே வராது.

மேசையில் விதைச் சீட்டு, இலை வண்ண அட்டை, யூரியாச் சாக்கு, மீட்டர் எல்லாம் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கலாம். ஓரத்தில் இருக்கும் இரண்டு பாட்டிலில் எது கொரட்டூர் ஏரித் தண்ணீர் என்று எழுதவில்லை. மீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள், ஆனால் மூடியைத் திறக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்வோம்.